கேட்டுக்கு வெளியே நின்றவர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. யார் வீட்டு வாசலிலும் பிள்ளைகளின் பெயரைச் சொல்லக் கூடாது என்று எங்கள் பள்ளியில் சட்டம் போட்டவர் அவர். "பேர் கேட்டா ஸ்கூல் பேரச் சொல்லு. அதுக்கு மேல கேட்டா திரும்பி என்னப் பாரு" என்பார். அப்படிப்பட்டவரின் பெயரை, அவர் இல்லாத நேரத்தில் நான் ஊருக்கெல்லாம் சொல்வது நன்றாக இருக்காது. பிள்ளைகள் கூப்பிட்டதுபோல ஆயாம்மா என்றே சொல்கிறேன்.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன மெட்ரிக் பள்ளி அது. நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. அவர் வேன் ஆயா. காலையில் பிள்ளைகளை வீட்டு வாசல்களில் ஏற்றிக்கொள்வது, பகலில் எல்.கே.ஜி. பிள்ளைகளின் மூக்கையும் டிபன் பாக்ஸையும் துடைப்பது, மாலையில் மறுபடி வேன். ஆயா என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம், அப்போது அவருக்கு நாற்பத்தைந்துகூட ஆகியிருக்காது. வீடு பொழிச்சலூரில். தலைக்கு மேல் விமானம் போகும் ஊர் என்பதால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது விமானச் சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொள்வார், சத்தம் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். சத்தமே இல்லாத எங்கள் சந்திலும் எப்போதாவது தூரத்தில் ஒரு விமானம் போனால் அவர் பேச்சு நின்றுவிடும். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் அதைச் செய்து காட்டிச் சிரிப்போம். எல்லாரையும் அவர் 'நீ' என்றுதான் சொல்வார். தாளாளரையும் சேர்த்து.

ஆண்டு விழாவுக்கு முன்னால் மூன்று சனிக்கிழமைகள் பிள்ளைகள் உண்டியல் டப்பாவோடு பக்கத்துத் தெருக்களுக்குப் போவது எங்கள் பள்ளியின் வழக்கம். ஒரு வருஷம் கண் ஆஸ்பத்திரி, ஒரு வருஷம் வெள்ளத்தில் புத்தகம் இழந்த முடிச்சூர்ப் பிள்ளைகள், ஒரு வருஷம் முதியோர் இல்லம் என்று ஏதாவது ஒரு நல்ல காரியம் இருக்கும். கூடவே இரண்டு ஆசிரியைகள் போக வேண்டும் என்பது சுற்றறிக்கையில் மட்டும் இருந்தது. வெயிலில் அலைய எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. ஆயாம்மாவை அனுப்பிவிட்டு நாங்கள் மின்விசிறிக்குக் கீழே விடைத்தாள் திருத்தினோம். ஒரு வருஷம் அந்த வேலைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள், அதனால்தான் அவரோடு தெருவில் நடக்கும் நிலைமை எனக்கு வந்தது.

முதல் சனிக்கிழமையே எனக்குப் பொறுமை போய்விட்டது. புறப்படும் முன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "யாருக்கு வர இஷ்டம் இல்ல, கையத் தூக்கு" என்றார். நான் இத்தனை வருஷம் வாத்தியார் வேலை பார்த்ததில் வர விருப்பம் உள்ளவர்களைத்தான் கை தூக்கச் சொல்லியிருக்கிறேன். நாலு கைகள் உயர்ந்தன. அந்த நாலு பேரையும் வகுப்பில் உட்கார்த்தி, டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டும் வேலையைக் கொடுத்தார். ஒரு பையன் அழுகிற முகத்தோடு, "நான் பயந்தாங்கொள்ளியா ஆயாம்மா?" என்று கேட்டான்.

"எவன் சொன்னது? நீ ஒட்டலன்னா இந்த டப்பா எப்டி தெருவுக்குப் போவும்? ஒழுங்கா ஒட்டு."

அதன் பிறகு நடை. ஆறு ஜோடிக்கு மேல் கூட்டிப் போக மாட்டார். ஒரு நேரத்தில் ஒரு ஜோடி மட்டும் ஒரு வீட்டு வாசலில் நிற்கும். மற்ற பிள்ளைகள் அவரைச் சுற்றி மர நிழலில் நிற்க வேண்டும். அவர் கேட்டுக்கு வெளியே, பிள்ளை திரும்பினால் தன் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நிற்பார். கேட்டுக்கும் கதவுக்கும் நடுவில் நீளமான நடை இருக்கிற வீடு என்றால் அந்த வீடே வேண்டாம். அடுக்குமாடி என்றால் மாடி ஏறக் கூடாது, வாட்ச்மேனிடம் சொல்லிக் கீழேயே நிற்க வேண்டும், கொடுக்கிறவர்கள் இறங்கி வந்து கொடுக்கட்டும். தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே போகக் கூடாது. சாக்லேட் வாங்கக் கூடாது. 'இல்லை' என்றால் 'தேங்க்ஸ்' சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும், இரண்டாம் முறை கேட்கக் கூடாது.

"இப்படி ஒவ்வொரு வீடா தள்ளிட்டே போனா டப்பா எப்போ நிறையும் ஆயாம்மா?" என்று கேட்டேன்.

"நெறையாட்டி போவுது மிஸ்ஸு. போன பசங்க அத்தினியும் திரும்பி வந்துச்சா, அத்தப் பாரு."

ஒரு வீட்டில் நல்ல மனசுள்ள ஒரு அம்மாள், வெயிலில் பிள்ளைகள் வாடுகிறார்களே என்று ஜூஸ் கலக்கி வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். பிள்ளைகள் ஆசையோடு திரும்பிப் பார்த்தார்கள். "ஜூஸெல்லாம் வேணாம் தாயே. குடுக்கறத டப்பால போடு, போதும்" என்று ஆயாம்மா தெருவிலிருந்தே கத்தினார். அந்த அம்மாளின் முகம் சுருங்கிப் போனது. திங்கட்கிழமை பள்ளிக்கு போன் வந்தது. அந்த அம்மாளிடம் நான்தான் அரை மணி நேரம் மன்னிப்புக் கேட்டேன்.

இன்னொரு வீட்டில் ஒருவர் நூறு ரூபாய் நோட்டை டப்பாவின் வாயில் பாதி செருகி வைத்துக்கொண்டு, பிள்ளைகளை இரண்டு பக்கமும் நிறுத்தி செல்ஃபி எடுக்கப் போனார். ஸ்டேட்டஸில் போடுவதற்காம். அவர் போனைத் தூக்கியதும் கேட்டுக்கு வெளியே இருந்த ஆயாம்மா விறுவிறுவென்று போய்த் தன் குடையைப் பிள்ளைகளுக்கு முன்னால் படக்கென்று விரித்தார். போட்டோவில் அந்த மனிதரும் ஒரு கறுப்புக் குடையும்தான் விழுந்திருப்பார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பொறுப்பாளர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரு முறைதான். எங்களில் ஒரு ஆசிரியை பிள்ளைகளிடம், "கொஞ்சம் பாவமா மூஞ்ச வெச்சுக்கோங்கடா, அப்பதான் போடுவாங்க" என்று சொல்லிவிட்டார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆயாம்மா டப்பாவைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி அந்த ஆசிரியையின் கையில் வைத்தார். "நீ வெச்சுக்கோ பாவமா மூஞ்சிய. நீயே போ. இன்னா, பிச்சைக்கா இட்டுகினு போறோம்?" என்றார். அன்று முழுவதும் அந்த ஆசிரியை ஸ்டாஃப் ரூமில் குமுறினார், நாங்களும் கூடச் சேர்ந்து 'இந்த ஆயாவுக்கு வாய் ரொம்ப நீளம்' என்றோம்.

இவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று எங்களுக்குள் பல கதைகள் ஓடின. சின்ன வயதில் ஏதோ நடந்திருக்கும், சொந்தப் பிள்ளை காணாமல் போயிருக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "புள்ளயப் பாத்துக்கறதுக்குக் காரணம் இன்னாத்துக்கு மிஸ்ஸு? பாத்துக்கலன்னாதான் கேக்கணும், ஏன்டி பாத்துக்கலன்னு." அவருக்கு ஒரே மகள், அவள் பல்லாவரத்தில் நன்றாகத்தான் இருந்தாள். எங்கள் கதைகள் எல்லாம் வீண்.

அடுத்த வருஷம் முதியோர் இல்லம் ஒன்றுக்குக் கூரை போட வேண்டியிருந்தது. மழையில் ஒழுகும் கூரை, கட்டில்களை இழுத்து இழுத்துப் போட்டுத் தூங்கும் பெரியவர்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு உண்மையிலேயே மனசு கலங்கிவிட்டது. இந்த முறை டப்பாக்கள் நிறைந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். என் மண்டைக்குள் அப்போது ஒரு யோசனை உதித்தது. வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேராகக் கட்டம். டப்பா நிறைந்தால் ஒரு தங்க ஸ்டார். அதிக ஸ்டார் வாங்குகிற பிள்ளைக்கு ஆண்டு விழா மேடையில் சைக்கிள். சைக்கிள் வாங்கித் தர ஒரு பெற்றோரையும் பிடித்துவிட்டேன். தாளாளர் என்னை வெகுவாகப் பாராட்டினார்.

ஆயாம்மா சார்ட்டின் கட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்தார்.

"தர்மத்துக்கு இன்னாத்துக்கு மிஸ்ஸு ஸ்டாரு? லேபிள் ஒட்ற பசங்களுக்கு எத்தினி ஸ்டாரு?"

"அவங்களும் இந்த வருஷம் வெளிய போகட்டுமே. அப்பதானே தைரியம் வரும்."

"இது வேணாம் மிஸ்ஸு. சைக்கிள்னு சொல்லிட்ட. இனிமே அதுங்க கால் தரையில நிக்காது. நாம இட்டுகினு போற தெரு பத்தாதுன்னு அதுங்களே கிளம்பிடும்."

"நீங்க எல்லாத்தையும் சந்தேகமாவே பார்க்குறீங்க ஆயாம்மா. அங்க வயசானவங்க மழையில நனையுறாங்க" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்தது.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நிர்மலா என்று வைத்துக்கொள்வோம், அது அவள் பெயர் அல்ல. பத்து வயது. அப்பா இல்லை. அம்மா தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்தார், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருந்தால் போய்விடுவார். அவளுடைய கட்டத்தில் இரண்டு ஸ்டார் ஏறியிருந்தது. பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு நாலு. ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நான் கணக்கு நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். அவள் மேஜை அருகே வந்து நின்றாள்.

"மிஸ், ஞாயித்துக்கெழம நான் தனியா போய் கேட்கலாமா மிஸ்?"

"ம். சரி. பார்த்துப் போ" என்றேன். நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த நோட்டில் ஒரு வகுத்தல் கணக்கு தப்பாக இருந்தது. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவள் முகம் ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை காலை வேனில் ஆயாம்மா எண்ணிக்கைக்காகத் தலையைத் தொட்டபோது நிர்மலா வெடுக்கென்று விலகினாளாம். ஆயாம்மா அப்போது ஒன்றும் கேட்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் இறங்கிய பிறகு வேனிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். டிரைவர் அண்ணன் வெளியே பீடி பிடிக்கப் போய்விட்டார். இருபது நிமிஷம் கழித்து அந்தப் பெண்ணாகவே சொன்னது இவ்வளவுதான். ஒரு அடுக்குமாடியில் இரண்டாம் மாடி. ஒரு ஆள், 'சில்லறை எடுத்துட்டு வரேன், உள்ள வா' என்றான். உள்ளே போனதும் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். டப்பாவை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, தன்னோடு உட்கார்ந்து பேசினால்தான் தருவேன் என்றான். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர் கேன் கொண்டு வந்தவர் மணியடித்தார். கதவு திறந்ததும் அவள் ஓடிவிட்டாள். செருப்பும் டப்பாவும் அங்கேயே கிடந்தன. கேன்காரர் வராமல் போயிருந்தால் என்பதை நான் இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை. பாதி நினைப்பிலேயே எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

அன்று ஆயாம்மா அவளை யாரும் துருவ விடவில்லை. "அது சொல்றப்ப சொல்லட்டும். ஆளாளுக்கு நோண்டாதீங்க" என்று வகுப்பு வாசலில் நின்றார். அம்மாவுக்குச் சொல்லியனுப்பினார். போலீஸுக்குப் போக வேண்டும் என்று தாளாளரிடம் போய் நின்றார்.

மறுநாள் தாளாளர் அறையில் நாங்கள் ஐந்து பேர். தாளாளர், நிர்மலா, அவள் அம்மா, ஆயாம்மா, நான். ஆண்டு விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. தாளாளர் கெட்டவர் அல்ல, பயந்தவர். பள்ளியின் பெயர் பேப்பரில் வந்துவிடுமோ என்பது மட்டுமே அவர் கவலை.

"யாரும்மா உன்ன தனியா போகச் சொன்னது?" என்று கேட்டார்.

நிர்மலா என்னைப் பார்த்தாள். என் மேல் குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. பதில் தெரிந்த கேள்விக்கு எழுந்து நிற்கிற பிள்ளையின் பார்வை.

"மிஸ்கிட்ட கேட்டேன் சார். மிஸ் சரின்னாங்க."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்போது எனக்கு இருந்த காரணங்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். கணவருக்கு வேலை போயிருந்தது. வீட்டுக் கடன் இருந்தது. இந்த வேலையும் போனால் என்ன செய்வேன் என்று தினமும் யோசித்துக்கொண்டிருந்த காலம். பத்து வயதுப் பெண்ணின் முன்னால் அவை எதுவும் காரணம் ஆகாது.

"இல்ல சார். ஆயாம்மாகூட மட்டும்தான் போகணும்னு கிளாஸ்லயே சொல்லியிருக்கேன்."

வாய் கூசவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

"அப்போ இது பொண்ணோட தப்புதானேம்மா" என்று தாளாளர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அவர் குரலில் ஒரு நிம்மதி வந்திருந்தது. "சொன்ன பேச்சக் கேக்காம போயிருக்கா. இதுல நாம எங்க போய் கம்ப்ளெய்ன்ட் குடுக்கிறது, சொல்லுங்க? உங்க பொண்ணு பேருதான் கெடும்."

"ஏன்டி, மிஸ் மேலயே பொய் சொல்றியா?" என்று அம்மா கையை ஓங்கினார். நிர்மலா நகரக்கூட இல்லை. அவள் வாய் மட்டும், "கேட்டேம்மா, நான் கேட்டேம்மா" என்று முணுமுணுத்தது.

ஓங்கிய கையை ஆயாம்மா பிடித்தார்.

"பொண்ண ஏன்மா அடிக்கிற? நான்தான் அனுப்பிச்சேன். வேன்ல என்னாண்ட கேட்டுச்சு, போய்ட்டு வான்னு சொன்னேன். ரெண்டு பேராண்டயும் கேட்டதுல அது கொழம்பிகிச்சு. பொய் இல்ல அது."

கேட்டுக்கும் கதவுக்கும் நடுவில் பத்தடி கூடுதலாக இருந்தால் அந்த வீட்டுக்கே பிள்ளையை அனுப்பாதவர் அதைச் சொன்னார். தாளாளருக்கும் அது உண்மையில்லை என்று தெரிந்திருக்கும். ஆனால் தப்புக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது, அவருக்கு அது போதும். ஆயாம்மா விடவில்லை. "என் மேல தப்புன்னு எழுதிக்கோ. வேலைய வுட்டுத் தூக்கு. ஆனா இன்னிக்கே போலீஸு அந்த ஆள் வூட்டுக்குப் போவணும். இல்லன்னா நான் தெருவுல நின்னு கத்துவேன்" என்றார். அன்று மாலை அவரும் நிர்மலாவின் அம்மாவும் மகளிர் காவல் நிலையத்தில் இருந்தார்கள். புகார் எடுத்தார்கள், அந்த ஆளை அழைத்துப் போனார்கள்.

அந்தப் பொய்க்குப் பிறகு நான் அந்த அறையில் வாயைத் திறக்கவே இல்லை. திறந்திருக்கலாம். ஒரே வாக்கியம்தான்.

வேலையை விட்டுப் போகும் முன் ஆயாம்மா வேன் அருகே டிரைவர் அண்ணனிடம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். எந்தப் பிள்ளை எந்தத் திருப்பத்தில் தூங்கிவிடும், எவனுக்கு வாந்தி வரும், எந்த வீட்டில் பாட்டி வந்து வாங்கிக்கொண்டால் மட்டும் இறக்க வேண்டும், எந்தப் பெண்ணின் சித்தப்பா வந்தால் இறக்கக் கூடாது என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு குடையையும் சாப்பாட்டுக் கூடையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் நின்று நான் பார்த்தேன். கீழே இறங்கிப் போகவில்லை.

ஆண்டு விழா நடந்தது. சைக்கிள், அப்பாவே டப்பாவை நிரப்பிக் கொடுத்த ஒரு பையனுக்குப் போனது. சிறந்த பொறுப்பாளர் என்று எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். முதியோர் இல்லத்துக்குக் கூரை வந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். நிர்மலாவை அவள் அம்மா டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெரும்பாக்கத்தில் அவர்களுக்கு அரசு ஒரு குடியிருப்பு ஒதுக்கியிருந்தது, அங்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஆயாம்மாவை அதற்குப் பிறகு எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளவில்லை. 'பிள்ளையைத் தனியா அனுப்பின ஆயா' என்ற பேச்சு தாம்பரம் முழுக்க அவருக்கு முன்னால் போய்விட்டது. பம்மலில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்தார்.

ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்தேன். மூன்று வருஷம் ஆகியிருக்கும். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில், சாயங்கால நெரிசலில், எதிரே வந்தார். கைகள் சோப்பில் ஊறி வெளுத்துப் போயிருந்தன. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னா மிஸ்ஸு, எளச்சிட்ட? இந்த வருசம் எத்தினி பசங்க போச்சு? தனியா அனுப்பறது இல்லியே?"

"இல்ல ஆயாம்மா. நீங்க செஞ்ச மாதிரியே ஜோடியாத்தான். மாடி ஏற விடுறதில்ல. சார்ட்ட எல்லாம் கிழிச்சுட்டேன்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆயாம்மா, அன்னிக்கு நான்..."

"வுடு. என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. அந்தப் பொண்ணாண்ட போய் சொல்லு." ஒரு மின்சார ரயில் கீழே சத்தத்தோடு போனது. அவர் பேச்சை நிறுத்தி, அது போகும்வரை காத்திருந்தார். "நான் மாசத்துல ஒரு வாட்டி அது வூட்டுக்குப் போய்கினுதான் கீறேன். நல்லா படிக்குது. ஆனா இன்னும் கேக்குது மிஸ்ஸு. 'நான் நெசமாவே மிஸ்ஸ கேட்டேனா ஆயாம்மா, இல்ல நானே நெனச்சிகினேனா'ன்னு கேக்குது. அதுக்கே அது மேல நம்பிக்கை போயிடுச்சு. நான் சொன்னா எடுபடல, நான் அங்க இல்லியே. நீ ஒரு வாட்டி போய், கேட்டம்மா, நான்தான் சரின்னேன்னு சொல்லிட்டு வா. அவ்ளோதான்."

போகிறேன் என்றேன். பிளாக் நம்பர், கதவு நம்பர் எல்லாம் சொன்னார். போனில் குறித்துக்கொண்டேன்.

போகவில்லை. அந்த ஞாயிறு மழை. அடுத்த ஞாயிறு விருந்தாளி. பிறகு, இவ்வளவு நாள் கழித்துப் போய் ஆறின புண்ணைக் கீறுவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஆறவில்லை என்று ஆயாம்மா என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். தாம்பரத்திலிருந்து பெரும்பாக்கம் ஒன்றும் அமெரிக்கா இல்லை. ஒரு பஸ் மாறினால் போய்விடலாம்.

இந்த வருஷம் சித்திரையில் டிரைவர் அண்ணன் போன் செய்தார். "நம்ம ஆயாம்மா போயிடுச்சு மிஸ். சுகர் ஏறி கால எடுத்தாங்க, தாங்கல." நான் பொழிச்சலூருக்குப் போனபோது பகல் பதினோரு மணி. சந்தில் சாமியானா போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் அவர் சின்னதாகப் படுத்திருந்தார். தலைமாட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். மாலை வைத்துவிட்டு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஒரு பெண் எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டு வந்தாள். பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். என்னிடம் நீட்டிய பாட்டிலை நான் வாங்கும்முன் அவள் கை நின்றது.

"மிஸ்?"

எழுந்து நின்றேன். அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இந்த முறையும் மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"நிர்மலா, நீ என்கிட்ட கேட்ட. வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட். நான்தான் சரி, பார்த்துப் போன்னு சொன்னேன். நீ பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பாட்டில்கள் இருந்த பையைக் கீழே வைத்தாள்.

"ஒவ்வொரு தடவ வரும்போதும் ஆயாம்மா சொல்வாங்க மிஸ். 'மிஸ்ஸு வரேன்னு சொல்லிக்கீறாங்க, இந்த மாசம் வந்துருவாங்க, பாரு'ன்னு. ஆஸ்பத்திரிலகூட சொன்னாங்க."

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐஸ் பெட்டி அருகே போனாள், குனிந்து கண்ணாடி மேல் வாயை வைத்து, உள்ளே தூங்குகிறவருக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல உரக்கச் சொன்னாள்.

"ஆயாம்மா, மிஸ் வந்துட்டாங்க. சொல்லிட்டாங்க."